பொறாமை அறியாத குதிரை டாக்டர்

“பொறாமையா? எனக்கா? என் ரத்தத்தை எடுத்து எந்த லேபுக்கு வேணும்னாலும் அனுப்பிப் பாரும்வே. ஒரு துளி இருந்தா இந்தத் தொழிலையே விட்டுருதேன்!”

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டாக்டர் சுடலைராஜ் இப்படி முழங்கியபோது, அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சுடலைராஜ் லேசுப்பட்டவர் அல்லர். உடன் படித்த கால்நடை மருத்துவர்கள் மாடு, கோழி என்று பிழைக்கும் வழியைப் பார்த்தபோது, இவர் மட்டும் குதிரையின் முன்னங்காலைப் பிடித்தார், இன்றுவரை விடவில்லை. பந்தய வண்டிக் குதிரைகளுக்கு முன்னங்கால் நரம்பு ஏன் வீங்குகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. கரிசல் காட்டில் ஓடிப் பழகிய குதிரையைத் தார் ரோட்டில் விரட்டுவதால்தான் என்று நிறுவினார். இதற்காகக் குதிரைகள் வழங்கிய பாராட்டு, அவரது விலா எலும்பில் இன்னும் இருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் பக்கத்துப் புளியங்குடியில் டாக்டர் ரசீதா என்று இன்னொரு குதிரை டாக்டர் முளைத்தார். இளம் வயது, கையடக்க ஸ்கேன் மிஷின், ஆராய்ச்சியோ அதே நரம்பு.

“குதிரைக்கு நாலு கால் இருக்கில்லா? அந்தப் பிள்ளை பின்னங்காலை எடுத்துக்கிட்டா என்ன?” என்று மனைவி கோமதித்தாயிடம் நியாயம் கேட்டார் டாக்டர்.

“பேப்பர்ல அவ போட்டோ வந்திருக்கே, பாத்தீயளா?”

“பாத்தேன். பக்கத்துல நிக்கிற குதிரை லட்சணமா இருக்கு.”

“வெளிநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காகளாம்.”

“அங்க உள்ளதெல்லாம் மெத்தையில படுக்கிற குதிரை. அதுக்கு என்ன நோவு தெரியும்?”

ஒருநாள் திருவேங்கடத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஆறுமுகச்சாமி, நொண்டும் பந்தயக் குதிரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

“டாக்டரய்யா, புளியங்குடி அம்மா மிஷினை வச்சுப் பாத்துட்டு, மூணு மாசம் வண்டியில பூட்டவே கூடாதுங்காக. அடுத்த வாரம் பந்தயம். நீங்க ‘ஓடட்டும்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விட்டுருவேன். அந்தம்மா சொன்னது தப்புதானே?”

இப்படி ஒரு கேள்விக்காக டாக்டரின் காதுகள் எத்தனை காலம் காத்திருந்தன! ஒரே வார்த்தை. குதிரை ஜெயித்தால் மிஷினின் மானம் போகும். நரம்பு அறுந்தால் குதிரையே போகும்.

குனிந்து காலைத் தடவினார். நரம்பு சுட்டது. விரல் அழுந்தியதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இந்த மாதிரிக் காலுக்கு மூன்று மாத ஓய்வு என்று முதன்முதலில் கட்டுரை எழுதியவரே சுடலைராஜ்தான். ரசீதா அதைப் படித்துவிட்டு அப்படியே சொல்லியிருக்கிறார்.

“தப்புதான் அண்ணாச்சி” என்றார் டாக்டர்.

ஆறுமுகச்சாமிக்கு வாயெல்லாம் பல். “அப்ப ஓட விடலாம்லா?”

டாக்டர் தலையை நிமிர்த்தாமல் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்: ஓய்வு, நான்கு மாதம்.