நாற்பது டிகிரி

ஜரிகை போல மின்னிய அந்த உலோக நாடாவை அம்மணி தன் விரலில் சுற்றிக் காட்டியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் தற்காலிக உதவியாளன். அவர் கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண். என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை அண்ணா என்பார், நான் அம்மணி என்பேன்.

"இது உலோகந்தானுங்ண்ணா. ஆனா உள்ளுக்குள்ள கண்ணாடியாட்ட" என்றார். உருகிய உலோகத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உறையவைத்தால் அணுக்களுக்கு வரிசையில் நிற்க அவகாசம் இருக்காது, கலைந்தபடியே நின்றுவிடும். மறுபடி சூடாக்கினால் ஒரு கட்டத்தில் அவை நகர்ந்து, வரிசை கட்டி, படிகமாகிவிடும். அதன்பின் வளைத்தால் பட்டென்று ஒடியும். அந்தக் கட்டம் எத்தனை டிகிரி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நாடாவை உலையில் சூடேற்றி, அதன் மின்தடை சட்டென்று இறங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்.

மற்றவர்கள் சொன்னதைவிட நாற்பது டிகிரி முன்பாகவே தன் நாடா படிகமாவதை அவர் கண்டார். பேராசிரியர் பூரித்துப்போனார். துறைக் கருத்தரங்கில் பேச நாள் குறித்தார்கள். எனக்கு மட்டும் காரணம் வேறு என்று பட்டது. சில மாதங்களுக்கு முன் உலையின் வெப்பம் அளக்கும் கம்பி அறுந்தபோது அதை மாற்றியவன் நான். கம்பியை நுழைக்கக் கையிலிருந்த பீங்கான் குழாய் குட்டை. கம்பியின் முனை நாடா வரை எட்டாமல், சூடு குறைந்த இடத்திலேயே நின்றது; மானி உண்மையான சூட்டைவிடக் குறைத்தே காட்டும். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது சொன்னால் வேலை போகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்று நாள் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் சொன்னேன். அம்மணி நாடா வைக்கும் இடத்தில் ஒரு துண்டு துத்தநாகத்தை வைத்து உலையைப் போட்டார். அது நானூற்றுப் பத்தொன்பதில் உருக வேண்டும். மானி முந்நூற்று எண்பதைக் காட்டும்போதே உருகிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்ண்ணா, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?"

"பயந்துபோட்டேன் அம்மணி. இப்பவும் மூணு நாளா மனசுக்குள்ளயே வெச்சிருந்தேனுங்க."

"நானும் இத வெச்சுப் பாத்திருக்கோணுமுங்க. புதுசா ஒண்ணு கெடச்ச சந்தோசத்துல பாக்காம உட்டுட்டேன்."

கருத்தரங்கில் எழுந்ததும், "என் வெப்பநிலைகள் தவறு. உலையைச் சரிபார்க்காதது என் பிழை" என்றுதான் ஆரம்பித்தார். பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது. என் பெயரை அம்மணி சொல்லவே இல்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த எனக்குத் தலை நிமிரவில்லை.

எல்லா அளவுகளையும் முதலிலிருந்து எடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் வீட்டில் இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்த விடை, மற்றவர்கள் ஏற்கெனவே சொன்னதேதான். ஆனாலும் பட்டம் வாங்கினார். வெளியூரில் ஆசிரியையாகப் போனார். என் வேலையும் நிரந்தரமானது.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம்தான் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆய்வேட்டை முதன்முதலாக எடுத்துப் பார்த்தேன். நன்றி கூறும் பக்கத்தில், பேராசிரியருக்கு அடுத்து என் பெயர். கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரி: உண்மையான வெப்பநிலையை என்னிடம் சொன்னவர்.

மூன்று நாள் சொல்லாமல் இருந்ததை அவர் எழுதவில்லை.