இடம் வலம் மாறிய சதுரம்

ஐம்பதைத் தாண்டியவன் ‘நீண்ட காலத்துக்கு’ என்று எதையாவது வாங்கக் கிளம்பினால், வீட்டில் யாராவது கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அந்தத் தகுதி உள்ள ஒரே ஆள் என் மனைவி. அவளும் கூடவே ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

கண்ணுக்குள் அழுத்தம். இடது கண் போன வருடமே கடையைக் கட்டிவிட்டது. வலது கண்ணிலும் இடப்பக்க ஓரம் கரையத் தொடங்கியிருப்பதாக மயிலாப்பூர் டாக்டர் சொன்னார்.

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“சொட்டு மருந்தை ஒழுங்காப் போடுங்க. பார்ப்போம்.”

அந்தப் ‘பார்ப்போம்’ என்னும் பன்மையில் நானும் சேர்த்தியா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து மீடியம் பார்மட் கேமராக்களைப் பற்றியே படித்தேன். பெரிய பிலிமில் படம் எடுப்பதை இத்தனை காலம் ஒத்திப்போட்டாயிற்று. பேட்டரி இல்லாமல் ஓடுமா, இருபது வருடம் கழித்து உதிரி பாகம் கிடைக்குமா என்று ஊரெல்லாம் கேட்டேன். டிஜிட்டல் ஐந்தே வருடத்தில் பழசாகிவிடும் என்று ஒதுக்கினேன். ஐந்து வருடம் எனக்குப் போதாதாம்.

“நேத்து சொட்டு போட்டுண்டேளா?” என்றாள் ஆட்டோவில்.

“போட்டேன்.”

“பாட்டில் சீலே பிரிக்கலையே.”

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாடியில் பழைய கேமரா விற்பவர், சதுரப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார்.

“இன்னா சார் யோசிச்சிகினு கீற? ஆயுசுக்கும் உழைக்கும்.”

“யார் ஆயுசுக்கு?”

“அது உன் ராசி சார்.”

குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டிய கேமரா அது. உள்ளே, பனி படிந்தாற்போல் தேய்த்த கண்ணாடித் திரையில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். அதற்கு மேலிருந்த உருப்பெருக்கியில் வலது கண்ணை ஒட்டினேன்.

தாலி கட்டிய நாளிலிருந்து என் இடப்பக்கம் நிற்பது அவள் வழக்கம். இப்போது அது என் குருட்டுப் பக்கம். பாண்டி பஜாரில் அவளைத் தொலைத்துத் தொலைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். இங்கும் இடப்பக்கம்தான், சற்று முன்னே நின்றாள். கண்ணாடியிலோ அவள் வலப்பக்கம் இருந்தாள், புடவைக் கரை வரை பளிச்சென்று. இதுதான் கேமரா என்று முடிவு செய்தேன்.

“ஜன்னலாண்ட வாம்மா, வெளிச்சம் கீது,” என்றார் கடைக்காரர்.

ஜன்னல் எனக்கு வலப்பக்கம். அவள் அங்கே நடக்க நடக்க, கண்ணாடியில் இடப்பக்கம் நகர்ந்தாள். நடுவைத் தாண்டினாள். சதுரத்தின் ஓரம் வருமுன்பே, பாதிப் புடவையோடு கரைந்துபோனாள்.

“எங்க போயிட்ட?”

“இங்கேயேதான் நிக்கறேன்.”

“ரிவர்ஸ்ல தெரியும் சார். புதுசுல எல்லாரும் தடுமாறுவாங்க. பழகிடும்.”

“ஆமாம், பழகிடும்,” என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாக.

நான் தலையைத் தூக்கவில்லை. “இதையே எடுத்துக்கறேன்,” என்று கண்ணாடியிடமே சொன்னேன்.

கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பாட்டிலின் சீல் உடையும் சத்தம்.

“குனிஞ்சது போதும்,” என்றாள், மிக அருகில். “அண்ணாந்து பாருங்கோ.”