அம்மாக்கண்ணு சிரிக்கிறாள்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய சோலைமலைக்குச் சொத்தென்று இருந்தவை லயத்து வரிசையில் ஒற்றை அறையாய் ஒரு காம்பரா, மனைவி, மகள், அப்புறம் மூட்டை மூட்டையாய்ப் பொய். தன் காலைக் கடித்த அட்டை கொழுத்துக் கொழுத்து, பூனைக்குட்டியென்று நினைத்துத் துரையம்மா அதைத் தூக்கிப்போய்ப் பால் வைத்தாள் என்பார். அதைக் கேட்டு மனைவி அம்மாக்கண்ணு சிரித்தால் அடுத்த மலையில் நிற்கும் கங்காணிக்குக் கேட்கும். "கொழுந்தக் கிள்ளு, பல்லக் காட்டாத" என்று அவன் அங்கிருந்தே கத்துவான். அவள் அதற்கும் சிரிப்பாள்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டில் அந்தச் சிரிப்பு நின்றது.

அந்த வருஷம்தான் மகள் நிலக்ஷியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். வேண்டாமென்று அம்மாக்கண்ணு அழுதாள். போகட்டுமென்றவர் சோலைமலை. கொஞ்ச நாளில் மனைவியின் முகம் இறுகிவிட்டது. அட்டைக் கதையை எடுத்துவிட்டுப் பார்த்தார். கருங்கல்லில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. பிள்ளையைப் பிரித்த பாவியைப் பார்த்து எவள் சிரிப்பாள் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வாயை மூடினார். அடுப்படியில் சாக்கை விரித்துப் படுத்தார். ஒரு காம்பராவுக்குள் இரண்டு ஊமைகள்.

பிறகு அவளுடைய வலது கை சும்மா இருக்கும்போதே ஆடத் தொடங்கியது. கிள்ளிய கொழுந்து கூடைக்குப் போகாமல் மண்ணில் விழுந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் மதுரா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அம்மாக்கண்ணுவை நடக்கவிட்டு, விரலைத் தட்டவிட்டுப் பார்த்தபின் கேட்டார். "முகம் எப்ப இருந்து இப்பிடி?"

"அது கோவம் தாயி. ரெண்டு வருசமா எம் மேல."

"கோவமில்லை ஐயா, இது நோய். மூளையின்ர நடுவில ஒரு சின்னக் கூட்டமா நரம்புக் கலங்கள், செல் எண்டு சொல்லுறது, இருக்கு. டோபமைன் எண்ட பொருளைச் சுரக்கிறது அவைதான். அது குறைஞ்சால் கையும் கேக்காது, முகமும் கேக்காது. மனசுக்குள்ள சிரிச்சாலும் முகத்தில வராது."

சோலைமலை மனைவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"அந்தக் கலங்கள் தாயின்ர வயித்துக்குள்ள உருவாகேக்க, வளர்ச்சிக் காரணி எண்டு சில புரதங்கள்தான் அதுகளை வளர்த்து, சாகாமக் காக்கிறது. இவவுக்கு ஏன் சாகுதெண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

"அப்ப செடிக்குப் போடுற மாதிரி அந்த ஒரத்தக் கொஞ்சம் இவளுக்குப் போட்டுவிடுங்களேன்."

"ஊசியில குடுத்தா மூளைக்குள்ள போகாது ஐயா. வெளிநாட்டில தலைக்குள்ள குழாய் வச்சுப் பாக்கினம். சரிவருமோ தெரியாது. எங்களிட்ட இருக்கிறது விழுங்கிற குளிசைதான்."

திரும்பும் பஸ் ஹட்டனைத் தாண்டியது. சோலைமலை மனைவியின் ஆடிய கையைப் பிடித்துக்கொண்டு, அவள் காதருகே சொன்னார். "புள்ள, அந்த அட்டை இருக்குல்ல, துரையம்மா வளத்தது. நேத்து அது எலி பிடிச்சிருச்சாம்."

முகம் அசையவில்லை. மெல்லிய குரல் மட்டும் வந்தது. "இத ரெண்டு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்ல. பேச்ச நிறுத்துனது நீங்கதான். எம் மூஞ்சி புடிக்கலயாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "இப்ப சிரிக்கிறியா புள்ள?"

"சிரிக்கிறேங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு பொய்க்கும் முடிவில் அவர் அதைக் கேட்கவேண்டியிருந்தது. சில வருஷங்களில் அவள் குரலும் உள்ளே போய்விட்டது. அப்போதும் கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "சிரிக்கிறேங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார்.