ஊசி போடக்கூடாத சேவல்

மாசி பிறந்தால் எங்கள் மலையில் எல்லாருக்கும் மனசு குளிரும், எனக்கு மட்டும் ரத்தம் கொதிக்கும். மா பூத்திருக்கும், புங்கன் தளிர்விட்டு மினுமினுக்கும், விடியற்காலைக் குளிர் பாதியாகக் குறைந்திருக்கும். நான் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி, கத்தரி, தக்காளி, மிளகாய் என்று நாற்று விட்டிருப்பேன். குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எதையும் வீணாக்காமல் குடத்தில் பிடித்துக் கொண்டுபோய் ஊற்றுவேன். சாமை அறுத்த கொல்லைகள் எல்லாம் காய்ந்து கிடக்கிற அந்த நாளில் ஊரிலேயே பச்சையாக இருப்பது என் பாத்திகள்தான். பச்சையைக் கண்டால் கோழி சும்மா இருக்குமா?

என் கோழிகளைச் சொல்லவில்லை. அவற்றை வலை கட்டி ஒரு பக்கமாக நிறுத்தி வைத்திருந்தேன். வந்தது பக்கத்து வீட்டுச் சேவல். அந்த வீட்டு அம்மா எனக்கு ஓரகத்தி முறை, என் கணவரின் பெரியப்பா மகனைக் கட்டியவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முந்தின வருஷம் புளி உலுக்கப் போன அவர் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஜீப்பில் போட்டு மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே அக்கா அம்மனுக்குச் சேவல் நேர்ந்துவிட்டார். மனிதர் எழுந்து நடந்துவிட்டார். சேவலும் நடந்தது, என் கத்தரிப் பாத்திக்கு.

சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை எங்கள் ஊரில் யாரும் அடிக்கக் கூடாது, காலைக் கட்டக் கூடாது. கொண்டை கிழியக் கூடாது, இறக்கை ஒடியக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் அறுக்கிற வரைக்கும் அதன் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் வரக் கூடாது, வந்தால் அம்மன் ஏற்கமாட்டாள். இத்தனை கூடாதுகளும் மனிதர்களுக்குத்தான். சேவலுக்கு எந்தக் கூடாதும் கிடையாது. தினமும் விடிந்ததும் அக்கா வீட்டுப் பெட்டைகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வரும். பத்து நாள் வளர்ந்த நாற்றைப் பத்து நிமிஷத்தில் கிளறிப் போட்டுவிட்டு, வரப்பில் ஏறி நின்று கூவும்.

"இன்னாக்கா இது, நாத்தெல்லாம் போச்சு. அடைச்சு வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு வுட்டதும்மா. அதப் போயி அடைக்கச் சொல்றியே."

"அப்ப நான் வெரட்டறேன்."

"வெரட்டு, யார் வாணான்னா? கல்லு கில்லு பட்டுச்சின்னா நீதான் அம்மனுக்குப் பதில் சொல்லணும்."

இலந்தை முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் வேலி வைத்தேன். கை முழுக்கக் கீறல். சேவல் முள்ளுக்கு மேலே பறந்து வந்தது. ஊர்ப் பெரியவரிடம் போய் முறையிட்டேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "நாத்து போனா திரும்ப வுட்டுக்கலாம்மா. நேந்தத மாத்த முடியுமா?" என்றார். அவர் வீட்டில் நாற்று இல்லை.

நாற்றோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் பயம் கோழிகளைப் பற்றியது. அதற்கு முந்தின பங்குனியில், வெயில் ஏற ஆரம்பித்ததும் வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் இரை பொறுக்கின கோழி சாயங்காலம் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. நாலே நாளில் பதினாறு கோழிகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். வீட்டுக்குள் கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டை மட்டும் தப்பியது. அந்த ஒன்றை வைத்து ஒரு வருஷத்தில் பதினாலு கோழிகளாகப் பெருக்கியிருந்தேன். நிலம் என் மாமனார் பேரில், மாடு என் புருஷன் பேரில். யாரையும் கேட்காமல் நான் எடுத்து விற்கவும் விருந்தாளிக்கு அறுக்கவும் இந்த வீட்டில் இருக்கிறது கோழி ஒன்றுதான். இந்த வருஷமும் குழி தோண்ட நான் தயாராக இல்லை.

மாசி நடுவில் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வந்து தடுப்பூசி போடப்போவதாகத் தகவல் வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அக்கா தலைகூட ஆட்டவில்லை.

"ஊசி போட்டா முட்ட நின்னுடும்மா. இப்பதான் நாலு பெட்ட முட்ட வுடுது. அட வைக்கிற காலத்துல ஊசி எதுக்கு?"

"சரி, சேவலுக்காவது போடுக்கா. அதுதான் ஊரெல்லாம் சுத்திக்கினு என் கொல்லைக்கு வருது."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "சாமி சேவலுக்கு ஊசியா? ரத்தம் வந்துச்சின்னா நேந்ததுக்கே பங்கம். எங்க வூட்டுக்காரு மறுபடி படுத்துக்கினா நீ வந்து தூக்கிவுடுவியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர் வேண்டுதலுக்கு என் நாற்றும் பலி, என் கோழிகளும் பலியா? ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? வீட்டுக்கு வந்து சட்டி பானையை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். என் புருஷன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டார்.

ஊசி போடுகிற அன்று விடிந்ததும், பாத்தி ஓரத்தில் ஒரு கை ராகியை இறைத்துவிட்டு மூங்கில் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல ஊர்வலம் வந்தது. சேவல் குனிந்து பொறுக்கும்போது கூடையைக் கவிழ்த்தேன். கூடவே வந்த பெட்டைகள் ராகிக்கு அடித்துக்கொண்டு என் காலைச் சுற்றி வந்தன. "சூ" என்று அவற்றை விரட்டிவிட்டேன். சேவலை என் கோழிகளோடு பெரிய கூடையில் போட்டு, மேலே பழைய புடவையைக் கட்டி மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போடுகிறவர் இறக்கையைத் தூக்கிக் குத்தினார். நான் எதிர்பார்த்த மாதிரி ரத்தம் ஆறாக ஓடவில்லை, கொசு கடித்த அளவுக்குக்கூட இல்லை. அக்கா வீட்டுக்குள் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சேவல் திரும்பவும் என் பாத்தியில் கிளறிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

பங்குனியில் நோய் வந்தது. முதலில் மேலத் தெருவில், அப்புறம் எங்கள் பக்கம். என் பதினாலும் தப்பி நின்றன. ஊசி போட்ட மற்ற வீடுகளிலும் ஒன்றிரண்டு போனதோடு சரி. அக்கா வீட்டில் பெட்டைகள் பதினொன்றும் மூன்று நாளில் போயின. அடை வைத்திருந்த முட்டைகள் கூடையிலேயே குளிர்ந்து கிடந்தன. மிஞ்சியது சேவல் ஒன்றுதான். நான் பார்க்கப் போனபோது அக்கா வாசலில் உட்கார்ந்து, வெறுங்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "சாமி சேவல மட்டும் அம்மன் காப்பாத்திட்டா, பாத்தியா?" என்றார்.

ஊசி போட்டதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரே அந்தச் சேவலைப் பற்றித்தான் பேசியது. ஜீப்பில் பேச்சு, குழாயடியில் பேச்சு. கழிச்சல் தொடாத சேவல், அம்மன் காவல் காத்த சேவல். நெல்லிவாசல் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒரு கிழவி என் பாத்தியில் நின்றுகொண்டு, என் மிளகாய்ச் செடியை மிதித்தபடி அதைக் கும்பிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஊசி மருந்து செய்த வேலைக்கு அம்மனுக்குப் பேர். அம்மனுக்குப் பேர் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை, அவளுக்கு இல்லாத பேரா? ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை.

திருவிழா அன்று காலை கோயிலுக்கு முன்னால் எல்லாரும் கூடியிருந்தோம். அக்கா சேவலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டுக் கையில் வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஊசி போட்டதும் பொழச்சிது, போடாத இதுவும் பொழச்சிது. அப்பறம் இன்னாத்துக்கு ஊசி? அடுத்த வருசம் கோழியெல்லாம் அம்மன் பேருக்கு நேந்து வுட்டுட்டாப் போச்சு."

தலைகள் ஆடின. ஊசி போட்டுப் பிழைக்க வைத்த வீட்டுக்காரர்களின் தலைகளும் ஆடின. அடுத்த பங்குனியில் இந்த ஊரில் எத்தனை குழி தோண்டுவார்கள் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"போடாதது இல்ல, அதுக்கும் போட்டாச்சு!" என்று கத்தினேன். "நான்தான் தூக்கினு போயி போட்டேன். எல்லாரும் வாயில இருக்கிறத முழுங்கிட்டுக் கேளுங்க. ஊசியாலதான் அது நிக்குது."

பெரியவர் வாயைத் திறந்தபடி நின்றார். பங்கம் என்பார்கள், அபராதம் என்பார்கள், என் குடும்பத்தை ஒதுக்கி வைப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதிலோடு நின்றேன். ஒவ்வொரு பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் நின்றேன்.

அக்கா சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். அதன் ஈரம் அவர் ரவிக்கையில் மஞ்சளாக இறங்கியிருந்தது. வேண்டுதலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னிக்கி எங்க பெட்டைங்களும் கூடதானே வந்திருக்கும்?"

"வந்துதுக்கா."

"நான்தான் புத்தியில்லாம வாணான்னேன். சொல்லாமக் கொள்ளாம இதத் தூக்கினு போனவ, அதுங்களையும் தூக்கினு போவணும்னு தோணலியாம்மா உனக்கு?"

"தோணலக்கா" என்றேன்.