கண்டக்டர் வளர்த்த தூங்குமூஞ்சி மரங்கள்

பஸ்ஸில் இருந்த காலமெல்லாம் கண்டக்டர் அதிகம் சொன்ன வார்த்தை 'சீக்கிரம்'. ஓய்வு பெற்ற பிறகும் அது அவர் வாயை விட்டுப் போகவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும் முன்பே தட்டோடு உட்கார்ந்துவிடுவார். இப்படிப்பட்ட ஆள் மரம் வளர்க்கிறேன் என்று கிளம்பினார். அதுவும் தூங்குமூஞ்சி மரம். தெருவே சிரித்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பஸ் டிப்போவைச் சுற்றி அந்த மரங்கள்தான். கோடையில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போது கறுப்புக் கறுப்பாய்க் காய் உதிரும்; பிசுபிசுவென்று இனிப்பு. மாடுகள் டிப்போவுக்குள்ளேயே வந்து மேயும், ஹாரன் அடித்தாலும் நகராது. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் துண்டு நிலத்தில் நாலு மரம் நின்றால் தன் ஆடுகளுக்குக் கோடைத் தீவனக் கவலை இல்லை என்று கணக்குப் போட்டார்.

மனைவிக்கோ அந்த நிலம் முழுக்கக் காய்கறி போட ஆசை. அவள் வசம் இருந்தது ஓரத்தில் ஒரு கத்திரிப் பாத்தி மட்டும். சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கன்றாவது முளைக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் அவளுக்கு, ஆடுகள் அவள் தம்பிக்கு. தம்பி ஆட்டு வியாபாரி. கூப்பிட்ட குரலுக்கு வண்டியோடு வந்து நிற்பவன்.

கண்டக்டர் மூட்டை மூட்டையாய்க் காய் சுமந்து வந்தார். பாதியை உடைத்து, விதை எடுத்து, மண் நிரப்பிய பைகளில் ஊன்றினார். மீதியை, இப்போதே ருசி பழகட்டும் என்று ஆடுகளுக்குப் போட்டார். விதையோ கல் மாதிரி கெட்டி. வெந்நீரில் ஊறப்போடச் சொன்னவர்களிடம் நேரமில்லை என்றார். ஆனால் தினமும் விடிந்ததும் ஒவ்வொரு பையாகத் தோண்டி, விதையை வெளியே எடுத்து, முளை விட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் புதைக்க மட்டும் நேரம் இருந்தது.

மழை ஓய்ந்தது. பைகளில் புல் முளைத்தது, காளான் முளைத்தது, விதை மட்டும் அசையவில்லை. சொன்னபடி ஒரு சாயங்காலம் மச்சினன் வண்டியோடு வந்துவிட்டான். வேலையை விட்டு வந்த பிறகு, கண்டக்டர் 'சீக்கிரம்' என்றதும் ஓடிவந்தவை அந்த ஆடுகள் மட்டும்தான். முகத்தை மறைத்துக்கொள்ளக் கத்திரிப் பாத்திப் பக்கம் போய் நின்றார்.

அங்கே கத்திரிச் செடிகளுக்கு நடுவில், களைகள் இலையை மடித்துத் தூங்க ஆரம்பித்திருந்தன. அவர் குனிந்து பார்த்தார். பொழுது சாய்ந்தால் இலையை மடிக்கும் இந்த வித்தையை டிப்போவில் எத்தனை சாயங்காலம் தலைக்கு மேல் பார்த்திருக்கிறார்! மனைவியைக் கூப்பிட்டு, இது எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"அந்தக் களையா? ஆட்டுப் புழுக்கை போட்டதுலேருந்து முளைச்சுத் தொலையுது. தினமும் ஒரு கூடை பிடுங்கி ஆட்டுக்குத்தான் போடறேன். நல்லா தின்னுது."

ஆட்டின் வயிற்றில் ஊறிய விதை புழுக்கையோடு வந்து, அவள் பாத்தியில் முளைத்து, மறுபடி ஆட்டின் வயிற்றுக்கே போயிருக்கிறது. அவருடைய திட்டம் அவர் இல்லாமலே அமோகமாக நடந்துகொண்டிருந்தது. அவர் இதை விளக்கியபோது மச்சினன் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கன்னு முளைச்சாச்சு. நான் ஜெயிச்சாச்சு," என்றார் கண்டக்டர்.

"நீங்க நட்டதா?" என்றாள் மனைவி.

"ஆடு நட்டது."

"ஆடு எங்கப்பா வீட்டுல கொடுத்தது."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"வண்டியைத் திருப்புடா. இந்த வீட்டுல வேலை தெரிஞ்சது அதுங்களுக்கு மட்டும்தான். அதுங்களை வித்துட்டு இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மறுநாள் காய்கறி ஆசையை ஓரமாய் வைத்துவிட்டு, கன்றுகளை அவளே பெயர்த்து நட்டாள். தோண்டிப் பார்த்துவிடுவார் என்று அவரைத் தள்ளியே நிற்க வைத்தாள். வருஷங்கள் ஓடி, இப்போது கோடை வந்தால் கொல்லையெல்லாம் காய். வருகிறவர்களிடம் எல்லாம் தான் வளர்த்த மரம் என்று கண்டக்டர் மார்தட்டிக்கொள்கிறார். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. ஆடுகள்தான் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்கும்.