டிக் அக்கா போட்ட பூட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டிக் அக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான், அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்து, யார் எந்தத் திரையைத் திறக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று கட்டம் கட்டமாக டிக் போடுவதும் எடுப்பதும்தான் அவள் வேலை. பர்மிஷன் கேட்டுப் போனால் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். அக்காவின் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. எனக்கு மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷன், கை வேகம், வாய் அதைவிட வேகம். முன்பெல்லாம் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே லாகின், ரத்த வங்கி டாக்டருடையது. பாஸ்வேர்டை பிளாஸ்டர் துண்டில் எழுதி ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தோம். நோயாளியின் ரத்த மாதிரியைப் பதிவு செய்வது, அதைப் பையிலுள்ள ரத்தத்தோடு பொருத்திப் பார்ப்பது, பையை வெளியே அனுப்புவது எல்லாமே டாக்டர் பெயரில் நடக்கும். அவர் விடுமுறையில் இருந்த ஒரு நாள், யாருக்கோ போக வேண்டிய பை வேறொருவர் கட்டில் வரைக்கும் போய், நர்ஸ் ஒருத்தி கண்ணில் பட்டதால் ஆபத்து தப்பியது. அனுப்பியது யார் என்று தேடினால், ஊரிலேயே இல்லாத டாக்டர் பெயரைத் திரை காட்டியது. அப்போதுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது.

வேலை டிக் அக்காவிடம் வந்தது. எங்கள் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் செய்வதை எல்லாம் வாய் திறக்காமல் பார்த்தாள். பிறகு பதிவு, பொருத்தம், வெளியீடு என்று வேலையைப் பிரித்தாள். பொருத்திப் பார்த்தவரே பையை அனுப்பக்கூடாது. அனுப்புகிறவர், தன் கையில் இருக்கும் பையின் எண்ணைத் தானே படித்துத் தட்ட வேண்டும். பொருத்தியவர் போட்ட எண் அவருக்குத் தெரியாது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் பை வெளியே போகும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொய் ஆளை உருவாக்கி, அந்த ஆளாகவே உள்ளே போய், செய்யக்கூடாத காரியம் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். எல்லாம் தடுக்கிறதா என்று பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியீடு டாக்டருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும் எங்கள் சீனியருக்கும் மட்டும். அண்ணனுக்குப் பொருத்தம். எனக்கு வெறும் பதிவு. வெளியீட்டுக்கான பயிற்சியை நானும் முடித்திருந்தேன். கேட்டால், "டாக்டர் சொல்லட்டும்" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணனுக்கோ அது மானப் பிரச்சினை.

"இத்தன வருஷமா நான்தான அனுப்புனேன்? கட்டுன பொண்டாட்டியே என் கையக் கட்டிப் போட்டுட்டா" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் புலம்பினார்.

கேன்டீனில் வேறு மாதிரிப் பேசினார்கள். "பாத்துக்கிட்டே இரு, கொஞ்ச நாள்ல வீட்டுக்காரருக்கு மட்டும் சத்தமில்லாம திறந்துவிட்டுருவா." அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவள், அன்றைக்கே இன்னொரு பூட்டும் போட்டாள். கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர்களின் சொந்தக்காரர்களுக்கு உள்ள பர்மிஷனை அங்கே யாரும் மாற்ற முடியாது, அவள் உள்பட. நிர்வாகத் தலைவர் மட்டும்தான் மாற்றலாம். அதற்குப் பிறகு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் சேர்ந்து ஒரே பையில் வரும் சாப்பாட்டு டப்பாக்களை வைத்துத்தான், குடும்பம் இன்னும் பிரியவில்லை என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

ஒரு நாள் காலையில் கல்லூரி ஒன்றில் ரத்ததான முகாம். கூட்டம் அதிகம் என்று டாக்டரும் கண்ணாடிக்காரரும் ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஒருவராவது இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

பிரசவ அறையிலிருந்து மாதிரி வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏற்கெனவே ரத்தம் ஏற்றிக்கொண்டவள் என்பதால், அதே குரூப் பைகளிலேயே பல அவள் ரத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. அண்ணன் வேர்த்து விறுவிறுத்துப் பொருத்திப் பார்த்தார். சேர்ந்தவற்றை இடது தட்டிலும் சேராதவற்றை வலது தட்டிலும் வைத்தார். சேர்ந்த பையின் எண்ணைப் போட்டு முடிப்பதற்குள் பிரசவ அறை நர்ஸ் போனில் கத்தத் தொடங்கிவிட்டாள். திரும்பி வரச் சொல்லியிருந்த கண்ணாடிக்காரரின் வேன் எங்கோ நெரிசலில் நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எனக்கு வெளியீட்டத் திறந்துவிடு. ஒரே ஒரு டிக்."

"நீங்கதான பொருத்திப் பாத்தீங்க?"

"ஆமா."

"அப்ப முடியாது. வேற ஆள் பாக்கணும்."

"ஆள் இல்லடி! இங்க ஒரு உயிர் போய்க்கிட்டு இருக்கு, நீ சட்டம் பேசுற!" பேசிக்கொண்டே திரும்பி, தட்டிலிருந்து பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ளையோட மூஞ்சியக்கூட அவ இன்னும் பாக்கலையாம். கேக்குதா?"

எதிர்முனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை.

"திறக்க மாட்டேங்குது." அது அக்காவின் குரல் மாதிரியே இல்லை.

"எது?"

"நான் போட்ட பூட்டு. நீங்க எனக்குச் சொந்தம்னு சொல்லித் தடுக்குது."

அண்ணன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அக்கா இன்னொரு போனில் கூப்பிட, நிர்வாகத் தலைவரின் போன் அடித்து அடித்து நின்றுபோனது.

"அங்க வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

இவ்வளவு நேரம் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், ஒருவருக்கும் என் ஞாபகம் இல்லை. "நான் இருக்கேன்க்கா" என்றேன்.

"டாக்டர லைன்ல எடு. நீ பயிற்சி முடிச்சது நெஜம்னு அவரே சொல்லணும்."

இந்த நேரத்திலும் பாருங்கள் அவள் பிடிவாதத்தை. எடுத்துக் கொடுத்தேன். முகாம் இரைச்சலுக்கு நடுவே, "முடிச்சிட்டா, முடிச்சிட்டா, சீக்கிரம் திறந்துவிடும்மா" என்றார் டாக்டர். எத்தனை நாளாகக் கேட்ட டிக், மூச்சு விடுவதற்குள் விழுந்துவிட்டது.

அண்ணன் பையை என் கையில் திணித்தார். "தட்டும்மா, தட்டு."

எண்ணைப் படித்துத் தட்டினேன். திரை சிவந்தது. எண் ஒத்துப்போகவில்லை.

"தப்பாத் தட்டிட்ட. நிதானமாப் போடு."

ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துப் போட்டேன். மறுபடியும் சிவப்பு. மென்பொருளைத் திட்ட அண்ணன் வாயெடுத்தார். நான் தட்டுகளைப் பார்த்தேன். வலது தட்டில் ஒரு பை குறைந்திருந்தது.

அதே குரூப், அதே நிறம், அதே மாதிரி லேபிள். ஆனால் சேராது என்று அவரே சோதித்துத் தள்ளி வைத்த பை. மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டே அதை எடுத்திருக்கிறார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, இடது தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தட்டினேன். திரை பச்சையானது. வார்டு ஊழியர் பையோடு ஓடினார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, நான் அழுதுவிட்டேன்.

அதற்குள் விஷயம் பரவி, நிர்வாகத் தலைவர் எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்துவிட்டார். அண்ணன் வாசல் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"புருஷன்னுகூடப் பாக்காம உறுதியா நின்னிருக்கீங்கம்மா" என்றார் தலைவர். "நீங்க திறந்துவிட்டிருந்தா, தான் போட்ட எண்ணையே பையப் பாக்காமத் தட்டி அனுப்பியிருப்பாரு."

கேன்டீன் வாய்கள்கூட ஆமாம் போட்டன. அக்கா பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் போதும், பெயரோடு போயிருக்கலாம்.

"நான் நிக்கல சார்" என்றாள். "அமுக்கிட்டேன். ரெண்டு தடவ அமுக்குனேன். திறக்கல, அவ்வளவுதான்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பினார். கூட்டமும் கலைந்தது. அண்ணன் மட்டும் போகவில்லை. போனை விட்டுவிட்டு வந்தேனே என்று திரும்பிய நான் கதவருகே நின்றுவிட்டேன்.

"எனக்காகவா அமுக்குன?" என்று கேட்டார்.

"இல்ல. அந்தப் பொண்ணுக்காக."

"நானும் அவளுக்காகத்தான் அவசரப்பட்டேன்."

"தெரியும்" என்றாள்.

அண்ணன் மேசையில் இருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, குடி என்று நீட்டினார். அவள் வாங்கும்போது தண்ணீர் கீபோர்டு மேல் சிந்தியது. அவர் தன் கையையும் சேர்த்துக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.