ஆகுத்தே சார்!

போன மாதம் ஒரு காலை, சரசு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நெருப்பாக இருந்தார். நல்லவேளை, கோபம் என்மேல் இல்லை. கூடவே தலையைக் குனிந்து நின்ற கணவர் மாரிமுத்துவின் மேல்!

"நீங்களே கேளுங்க சார் இந்த மனுசனை! மாசக்கணக்கா அலைஞ்சு அத்தனை காயிதமும் சேர்த்துட்டோம். கடைசியில டாக்டர்கிட்டப் போயி எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்து நிக்குது!"

மாரிமுத்து எங்கள் மாடியறையைக் கட்டிய கொத்தனார். மேட்டூர்ப் பக்கத்துக்காரர். பிழைக்க மைசூருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. போன வருஷம் சாரம் சரிந்து கீழே விழுந்ததில் வலது தோள் போயிற்று. அதோடு கரண்டி பிடிக்கிற பிழைப்பும் போயிற்று. இப்போது சரசு ஊதுபத்தி உருட்டித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கு எழுதிப் போடச் சொன்னவன் நான்தான். ரேஷன் கார்டு சரி, வருமானச் சான்று சரி, இந்த ஊரில்தான் குடியிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியும் சரி. பாக்கி ஒன்றுதான்... குறைந்தது இத்தனை சதவீதம் ஊனம் என்று அரசு டாக்டர் பரிசோதித்து எழுத வேண்டும். அவரோ குறைத்து எழுதிவிட்டார். தகுதி இல்லை!

"டாக்டர் என்னங்க கேட்டார்?" என்றேன்.

"கை மேலே எத்தக்காகுத்தான்னு கேட்டாருங்க." அதாவது, கையை மேலே தூக்க முடியுமா என்று கன்னடத்தில்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆகுத்தே சார்னு சொன்னேனுங்க."

"சொன்னதோட விட்டுச்சா?" சரசு குறுக்கே வந்தார். "பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கியும் காட்டுச்சு சார்! இதுல சலவைச் சட்டை வேற!"

சிரித்துவிட்டேன். அப்புறம் மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

'ஆகுத்தே' — முடியும். அவர் மைசூரில் முதலில் கற்றுக்கொண்ட கன்னட வார்த்தையே அதுதானாம். விடிந்ததும் நாற்சந்தி சர்க்கிளில் கூலியாட்கள் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து, "ரெண்டு ஆள் வேலை, ஒருத்தனால ஆகுத்தா?" என்பார். "ஆகுத்தே சார்!" என்று முந்திக்கொள்பவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. காய்ச்சலிலும் ஆகுத்தே. இடுப்புப் பிடிப்பிலும் ஆகுத்தே. அப்படியே பழகிய நாக்கு, டாக்டரைக் கண்டதும் மட்டும் மாற்றிப் பேசுமா?

கூத்தைப் பாருங்கள். காலமெல்லாம் 'முடியும்' என்று சொன்னால்தான் சோறு. உடம்பு விழுந்த பிறகு 'முடியாது' என்று சொன்னால்தான் சோறு. இந்த இரண்டாவது பாடத்தை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மறுபரிசோதனைக்கு எழுதிப் போட்டோம். போன செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள், நானும் கூடப் போனேன். ஆட்டோவிலேயே சரசு 'முடியாது' பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"எங்க, சொல்லு... ஆகல்ல."

"ஆகல்ல."

"சத்தமாச் சொல்லு!"

ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே வேறு டாக்டர், வயதானவர். "ஹேகிதீரப்பா?" என்று அன்பாக விசாரித்தார்.

"சென்னாகிதீனி சார்!" நல்லா இருக்கேன் என்று பட்டென்று பதில். சரசு தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து அதே கேள்வி. கையை மேலே தூக்க ஆகுமா?

"ஆகு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆகல்ல சார்" என்றார். ஆட்டோவில் ஒப்பித்த குரல் இல்லை அது.

டாக்டர் தோளை மெல்ல அழுத்திப் பார்த்தார். சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுவது என்று கேட்டார். "அவதானுங்க" என்று பதில் வந்தது. நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். டாக்டர் தலையசைத்தபடியே எழுதினார். இந்த முறை தகுதி உண்டு.

வெளியே வந்ததும் மாரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வேலைக்கு ஆகாதவன்னு என் வாயாலயே சொல்லிட்டேனுங்க" என்றார். காரியம் முடிந்ததே என்று சந்தோஷப்படச் சொல்வதா?

சரசு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து விரட்டிய குரல் எங்கே போயிற்றோ! "டாக்டர் அழுத்துனாரே... வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது சரசு. அன்னிலேர்ந்தே வலிக்குது."

அந்த அம்மா அழுதுவிட்டார். விழுந்த நாளிலிருந்து தினமும் கேட்டிருக்கிறார். தினமும் 'ஒண்ணுமில்ல' என்ற பதில்தானாம். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல், அவருடைய தோளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்கும் கொஞ்ச நாளாக முழங்கால் சரியில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை... இதை அச்சில் படித்துவிட்டு என் மனைவி என்ன செய்யப்போகிறாளோ!